கல்லில் அச்சடித்த குட்டிச்சாத்தான்களும் ஒரு ரோஸ் நோட்டீஸும்

மேஜிக் சரித்திரப் பொருட்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் தொப்பி, முயல், மந்திரக்கோல், பெண்ணை இரண்டாக அறுக்கும் பெட்டி என்று கற்பனை செய்துகொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். குன்னூரில் நான் பீரோவைத் திறந்து காட்டியதும் முகம் வாடிவிடுகிறது. உள்ளே பெரும்பாலும் காகிதம். போஸ்டர், நோட்டீஸ், டிக்கெட் அடிக்கட்டை, பழைய விலைப்பட்டியல், மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி வீசப்பட்ட சீட்டு, அவ்வளவுதான்.

இந்தக் கிறுக்குப் பிடித்த மற்றவர்களின் பீரோவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வித்தை முடிந்ததும் மேடையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பார்த்தவர்கள் நினைவில் இருப்பதும் தப்பாகத்தான் இருக்கும். தப்பாகப் பார்க்க வைப்பதற்குத்தானே அந்தத் தொழிலில் காசு. சாமான்களை அடுத்த வித்தைக்காரர் வாங்கி, பெயின்ட் மாற்றி, உடைகிறவரை பயன்படுத்திவிடுவார். தப்பிப்பது அச்சானது மட்டும். அதனால் மேஜிக்கின் சரித்திரம் என்று நாம் இன்று படிப்பது, யாருக்கு நல்ல அச்சகம் வாய்த்ததோ அவர்களுடைய சரித்திரம். இது என் கட்சி. அச்சுத் தொழில்காரன் வேறு எப்படிப் பேசுவான் என்று நீங்கள் சொல்லலாம்.

அப்பா வைத்திருந்த அச்சகம் சின்னது. காலால் மிதிக்கும் ட்ரெடில் மெஷின், ஈய எழுத்துகள் போட்ட மரக் கேஸ்கள், கம்போசிங்குக்கு ஒரே ஒரு ஆள். கல்யாணப் பத்திரிகை, தேயிலைத் தொழிற்சாலை வவுச்சர், மாரியம்மன் திருவிழா நோட்டீஸ். ஏப்ரல், மே சீசனில் சுற்றுலாக் கூட்டத்தை நம்பி மேஜிக் ஷோக்காரர்கள் மலையேறி வருவார்கள். அவர்களுக்கென்றே அப்பாவிடம் ஒரு ஜிங்க் பிளாக், அதாவது படம் அச்சடிக்கிற துத்தநாக அச்சு, இருந்தது. தலைப்பாகை கட்டிய ஒருவர், அருகில் ஒரு மண்டையோடு, நீட்டிய விரல்களிலிருந்து மின்னல். பாலக்காட்டுக்காரர் வந்தாலும் அதே பிளாக், மதுரைக்காரர் வந்தாலும் அதே பிளாக். பெயரை மட்டும் மாற்றிக் கோர்ப்பார்கள். நிஜத்தில் தலைப்பாகையே கட்டாத, கோட்டு சூட்டு போட்ட ஒருவர் இதைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தபோது, “உங்க படத்துக்குத் தனியா பிளாக் எடுக்கணும்னா அதுக்கு வேற காசு ஆகுமே” என்றார் அப்பா. அந்த மனிதர் தலைப்பாகையோடே போய்விட்டார். ஆஃப்செட் வந்து ட்ரெடிலை எடைக்குப் போட்டபோது அந்த பிளாக்கை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். சேகரிப்பில் முதல் பொருள் அதுதான்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே சின்சினாட்டி நகரத்தில் ஸ்ட்ரோபிரிட்ஜ் என்றொரு லித்தோ (கல் அச்சு) அச்சகம் இருந்தது. சர்க்கஸ், நாடகம், மேஜிக் என்று மேடைத் தொழில்களுக்குப் போஸ்டர் அடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. 1890-களில் ஹாரி கெல்லார் என்ற மேஜிக்காரருக்கு அவர்கள் அடித்த போஸ்டர்களில், தோளில் உட்கார்ந்து காதில் ரகசியம் சொல்லும் சிவப்புக் குட்டிச்சாத்தான்கள் வந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு அந்தக் குட்டிச்சாத்தான் இல்லாமல் மேஜிக் போஸ்டரே இல்லை என்றாகிவிட்டது. 1908-ல் கெல்லார் மேடையை விட்டு விலகி ஹோவர்ட் தர்ஸ்டனை வாரிசாக அறிவித்தபோது, சாத்தான்களும் சீதனம் மாதிரி தர்ஸ்டன் போஸ்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சார்லஸ் கார்ட்டர் ஒரு படி மேலே போனார். அவருடைய போஸ்டரில் அவர் சாத்தானோடு சீட்டாடி ஜெயிக்கிறார். அதே கார்ட்டர் உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது 1936-ல் நம் பம்பாயில் இறந்துபோனார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

ஒரு அச்சுக்காரனாக நான் அந்தப் போஸ்டர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிற இடம் வேறு. அவை கல்லில் அச்சானவை. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லை வழவழப்பாகத் தேய்த்து, எண்ணெய்ப்பசை உள்ள கிரேயானால் ஓவியர் அதன்மேல் இடம் வலமாற்றி வரைவார். கல்லை நனைத்தால் வரைந்த இடம் தண்ணீரை ஏற்காது, மையை ஏற்கும். மற்ற இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை விரட்டும். இது ஒரு நிறத்துக்கு. அடுத்த நிறத்துக்கு இன்னொரு கல். சிவப்புச் சாத்தானின் வால், கறுப்புக் கோட்டின் காலர்மேல் சரியாக விழ வேண்டுமென்றால் எல்லாக் கல்லும் ரெஜிஸ்டர் ஆக வேண்டும், அதாவது ஒவ்வொரு நிறமும் பிசகாமல் தன் இடத்தில் விழ வேண்டும். நாலு கலர் ஆஃப்செட்டில் கம்ப்யூட்டர் இருந்தும் ரெஜிஸ்டர் நகர்ந்துபோய்த் தலையில் அடித்துக்கொள்கிற எனக்கு, அந்தக் காலத்து ஆட்கள் அதைச் செய்த விதம்தான் பெரிய வித்தையாகத் தெரிகிறது. அந்த ஓவியர்களில் பெரும்பாலோர் கையெழுத்துகூடப் போடவில்லை.

அளவும் நமக்குப் பழக்கமானதுதான். அவர்கள் அரைத்தாள் என்று சொல்கிற போஸ்டர் ஏறத்தாழ 20-க்கு 30 அங்குலம். நம் அச்சகங்களில் டபுள் கிரவுன் என்கிறோமே, அதுவேதான்.

அசலா, பின்னாளில் அடித்த நகலா என்று கண்டுபிடிக்க எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அச்சகத்தில் தினமும் பயன்படுத்துகிற பூதக்கண்ணாடி போதும். ஆஃப்செட் நகலில் ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரியும். நாலு நிறப் புள்ளிகள் சேர்ந்து சின்னச் சின்னப் பூ மாதிரி நிற்கும். கல் அச்சில் அந்த ஒழுங்கு இருக்காது. கல்லின் சொரசொரப்பும் கையால் வைத்த புள்ளியும்தான் தெரியும். ஓவியரின் கை எங்கே அலுத்துப்போனது என்பதைக்கூடச் சில இடங்களில் பார்க்கலாம். ‘மிக அரிய அசல்’ என்று இணைய ஏலத்தில் போடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சாத்தானின் கன்னத்தைப் பெரிதாக்கி ஒரு படம் அனுப்புங்கள் என்பதுதான். பாதிப்பேர் அதற்கப்புறம் பதில் எழுதுவதில்லை.

தப்பிக்கிற வித்தைக்குப் பேர்போன ஹூடினியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லிவிடுகிறேன். அவருடைய சில போஸ்டர்களின் விலைக்குக் குன்னூரில் வீடு வாங்கலாம். ஆகவே என்னிடம் ஒன்றும் இல்லை. தலைகீழாகத் தொங்கவிட்டுத் தண்ணீரில் அடைக்கிற பெட்டியிலிருந்து தப்புவது 1912 முதல் அவர் செய்த பெயர்பெற்ற வித்தை. அந்தப் பெட்டி பிற்பாடு நயாகரா அருவிப் பக்கம் ஒரு அருங்காட்சியகத்தில் இருந்தது. 1995-ல் அங்கே தீப்பிடித்து மரமும் கண்ணாடியும் போய், உலோகச் சட்டம் மிஞ்சியது. புதுப்பித்த பெட்டி இப்போது அமெரிக்க மேஜிக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்டின் சேகரிப்பில் இருக்கிறது. அதில் எவ்வளவு ஹூடினி தொட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு அவரைப் பிடித்திருப்பது வேறொரு காரணத்துக்காக. அவரே பெரிய சேகரிப்பாளர். 1904-ல் லண்டனில் உடம்பு சரியில்லாமல் ஹோட்டல் அறையில் படுத்திருந்த அவரைப் பார்க்க, ஈவானியன் என்ற வயதான, ஓய்வுபெற்ற மேஜிக்காரர் வந்தார். கந்தல் உடுப்பைப் பார்த்து ஹோட்டல்காரர்கள் மேலே விடவில்லை. கிழவர் கீழேயே மணிக்கணக்காகக் காத்திருந்திருக்கிறார். கையில் இருந்ததோ பழைய மேஜிக் நோட்டீஸ் கட்டுகள். அவற்றைப் பார்த்ததும் ஹூடினிக்கு ஜுரம் பறந்துவிட்டது. டாக்டர் சொல்லையும் மீறிக் கிழவரின் வீட்டுக்கே போய் நள்ளிரவு தாண்டியும் புரட்டிக்கொண்டிருந்தார். ஈவானியன் அதற்கு முன்பே 1895-ல் ஒரு பெரும் பகுதியை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றிருந்தார். ஆயிரக்கணக்கான துண்டுக் காகிதங்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஹூடினியின் புத்தகங்கள், ஏறக்குறைய 4,000, அவர் இறந்த மறு வருஷம் 1927-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. அந்தக் கிழவர் நோட்டீஸ்களைக் குப்பை என்று அடுப்பில் போட்டிருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் மேஜிக்கைப் பற்றி எழுத ஆதாரத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. ஏனென்றால் அதே நூற்றாண்டில் சென்னைப் பட்டணத்திலும் ஆட்கள் இருந்தார்கள். 1830 வாக்கில் ஷேஷால் என்று ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த ஒருவர், ஒரு கழியின்மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு தரையிலிருந்து பல அடி உயரத்தில், காற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டினார். 1832-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அவர் படம் மரவெட்டு அச்சாக வந்தது. பாரிஸ் மேஜிக்காரர் ரோபேர் ஊதேன் தன் மகனை ஒரு கம்பின்மேல் கிடைமட்டமாக மிதக்கவிட்டு, அதற்கு ஈதர் மயக்கமருந்துதான் காரணம் என்று கதை கட்டி உலகை அசத்தியது 1847-ல். ஊதேனுக்குப் போஸ்டர் இருக்கிறது, சுயசரிதை இருக்கிறது, சிலை இருக்கிறது. பட்டணத்துக்காரருக்கு அந்த ஒரு மரவெட்டு. அதுவும் வேறு யாரோ வரைந்தது. சரியான பெயர்கூட நம்மிடம் இல்லை.

ராமோ சாமி கதை இன்னும் மோசம். இந்தியாவிலிருந்து கப்பலேறி 1810-களில் லண்டனுக்குப் போனவர். வாள் விழுங்குவார், பந்துகளைச் சுழற்றுவார், மணிகளையும் நூலையும் தனித்தனியாக விழுங்கிக் கோத்த மாலையாக வெளியே எடுப்பார். ராமசாமி என்று வாய் தானாகத் திருத்துகிறது, இல்லையா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கூட்டம் அலைமோதியது. அவர் பெயர் கொட்டை எழுத்தில் அச்சான நாடக நோட்டீஸ்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. 1850-ல் லண்டனில் அவர் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் மனைவி ஊரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. அச்சானவர்களுக்குக்கூட எல்லாம் கிடைத்துவிடவில்லை என்று என் கட்சிக்கு எதிராக நானே ஒரு சாட்சி வைக்கிறேன். ஆனால் அச்சானதால்தான் இதுவாவது தெரிகிறது.

இதற்கு நேர்மாறாக, ஆளே இல்லாமல் வெறும் அச்சால் பிறந்த வித்தையும் உண்டு. கயிற்றை வானத்தில் வீசி, பையன் ஏறி மறைகிற இந்தியக் கயிற்று வித்தை. 1890-ல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை அதை நேரில் பார்த்ததாகக் கதை விட்டது. சில மாதங்கள் கழித்துக் கற்பனை என்று ஒப்புக்கொண்டது. மறுப்பை யார் படிக்கிறார்கள்? 1934-ல் லண்டன் மேஜிக் சர்க்கிள் சங்கத்தார் இதைச் செய்துகாட்டுகிறவருக்கு 500 கினி பரிசு என்று அறிவித்தும் யாரும் ஜெயிக்கவில்லை. அந்த ட்ரிப்யூன் கதையை எழுதியவர் ஜான் வில்கி, பிற்பாடு அமெரிக்க ரகசிய சேவைத் துறைக்கே தலைவரானார். நல்ல பொருத்தம்!

முகத்தையே அச்சகத்தில் வாங்கியவரும் இருந்தார். சுங் லிங் சூ என்ற சீன மேஜிக்காரருக்கு பர்மிங்ஹாம் அச்சகமொன்று அடித்த போஸ்டர்கள் கண்ணைப் பறிக்கும். மேடையில் ஆங்கிலம் பேசவே மாட்டார். நிருபர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசுவார். 1918 மார்ச் 23 இரவு, துப்பாக்கிக் குண்டைத் தட்டில் பிடிக்கிற வித்தையில் குண்டு நிஜமாகவே மார்பில் பாய்ந்து சரிந்தபோதுதான் மேடையில் முதல்முறையாக ஆங்கிலம் பேசினார். மறுநாள் காலை இறந்தார். அவர் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர்.

நம் பக்கத்தில் இந்தச் சூட்சுமம் புரிந்த ஆள் பி.சி. சர்க்கார். இன்றைய வங்கதேசத்தின் தங்காயிலில் 1913-ல் பிறந்தவர். உலகத்திலேயே பெரிய மேஜிக்காரர் என்று தானே அச்சடித்துக்கொண்டார். போகப்போக உலகமும் அப்படியே சொல்ல ஆரம்பித்தது. 1956-ல் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்து, அவர் எழுந்திருக்கும் முன்பே நிகழ்ச்சி முடிந்துவிட, பெண் செத்துவிட்டாள் என்று பதறிய நேயர்களால் டெலிபோன்கள் திணறின. மறுநாள் பத்திரிகை முழுக்க அவர்தான். நேரம் தற்செயலாக முடிந்ததா என்று கேட்பவர்களுக்கு மேஜிக்காரர்களைத் தெரியாது. அவருக்கு 2010-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களை அதிலிருந்து தொடங்கச் சொல்வேன். சல்லிசாகக் கிடைக்கும்.

நான் எங்கே பொறுக்குகிறேன் என்று கேட்கிறார்கள். பங்களா கை மாறும்போது, பழைய பேப்பர் கடையில், ஊட்டிப் பக்கம் வீடு காலி செய்து இறங்குகிறவர்களிடம். லண்டன் மேஜிக் கடை ஒன்றின் விலைப்பட்டியல் அப்படித்தான் கிடைத்தது. எந்தத் துரை மாலை நேரத்தில் யாருக்குச் சீட்டு வித்தை காட்டினாரோ. பேப்பர் கடை அண்ணாச்சிக்கு நான் கேட்பது ஏதோ புதையல் ரகசியம் என்று சந்தேகம். “சார், இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?” என்பார். நோட்டீஸைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால், “மறைந்துபோகும் மங்கை, நுழைவுச்சீட்டு எட்டணா” என்று உரக்கப் படித்துவிட்டு விலையை ஏற்றிவிடுவார்.

எல்லாவற்றையும்விட நல்ல வேட்டை பந்தலூர்ப் பக்கம் கிடைத்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னால் தாயகம் திரும்பிய குடும்பம். ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக, தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறியவர்கள். அந்த வீட்டுப் பெரியவர் அங்கேயும் இங்கேயும் மேஜிக் காட்டியவர். தகரப் பெட்டியைத் திறந்தார். பெருவிரல் அகலத்துக்கு மடித்த நோட்டீஸ்கள், செப்படி வித்தைக்கான மூன்று செம்புக் குவளைகள், துணிப் பூ, ஒரு பித்தளைச் சொம்பு.

“நோட்டீஸ எல்லாம் எடுத்துக்குங்க தம்பி. சும்மா கெடக்கு. சொம்ப மட்டும் கேக்காதீங்க.”

“வாங்கிட்டுப் போக மாட்டேன் ஐயா, பார்க்கத்தான்.”

“பாத்தா வாங்கத் தோணும்.” சிரித்தார். ஆனால் காட்டினார். கவிழ்த்துத் தண்ணீரையெல்லாம் கொட்டினார். கொஞ்ச நேரம் தோட்டத்துக் கதை பேசினார். மறுபடி கவிழ்த்தார், தண்ணீர் வந்தது. இன்னொரு கதை, மறுபடி தண்ணீர். உள்ளே எப்படி என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். வெள்ளைக்கார மேஜிக்காரர்கள் இதே சொம்பை ‘இந்தியாவின் தண்ணீர்’ என்ற பெயரில் மேடையில் வைத்து, வேறு வித்தைகளுக்கு நடுநடுவே கொட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பெரியவர் பேரப் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழாவில் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறார். நான் தேடிப் போன காகிதம் அவருக்குச் சும்மா கிடப்பது. அவர் தர மறுத்த சொம்பு எனக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பொருள். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது: “வேல செய்ற சாமான பூட்டி வெக்கக் கூடாது.”

அவர் நோட்டீஸ் அடித்ததே எப்போதாவதுதான், கையில் காசு புரண்டால். மற்ற நாளில் ஒரு பையன், ஒரு தப்பு மேளம். சம்பள நாளில் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு, நடுவே அடித்துக்கொண்டு போனால் மாலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற திடலில், ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். தப்பு சத்தத்தை எந்த பீரோவில் வைப்பது?

அவர் கொடுத்ததில் ஒன்று ரோஸ் நிறத் தாள். நோட்டீஸுக்கென்றே வரும் மலிவான ரகம். மரக்கூழில் செய்த அந்தத் தாளில் இருக்கிற லிக்னினும் அமிலமும் அதைத் தானாகவே தின்னும். மஞ்சளாகி, மடிப்பில் உடைந்து, கடைசியில் அப்பளம்போல் நொறுங்கும். சாயமும் வெயிலில் நிற்காது. கெல்லாரின் போஸ்டர் நூறு வருஷம் தாண்டி நிற்பதற்கும் நம்முடையது முப்பது வருஷத்தில் போவதற்கும் பாதிக் காரணம் தாள்.

மீதி பாதி இந்த மலை. குன்னூரில் ஆடி மழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். பஞ்சு மாதிரி மேகம் ஜன்னல் வழியாக வருவதைச் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கும்போது நான் ஓடி ஜன்னலைச் சாத்துவேன். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றுவிட்டால் காகிதத்தில் பூஞ்சணம் பூக்கத் தொடங்கும். ராமபாணப் பூச்சி வேறு, கோந்து இருக்கிற இடமாகப் பார்த்துத் தின்னும். அம்மா பட்டுப்புடவை பீரோவுக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு வைப்பார், மலையில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். காகிதத்துக்கு அந்தச் சூடு ஆகாது. நான் வைத்திருப்பது சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், பாலியெஸ்டர் உறைகள், அமிலம் இல்லாத அட்டை. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவின் ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையும். செலோ டேப் ஒட்டிய ஒன்றைக் கொண்டுவந்து காட்டாதீர்கள், எனக்கு ரத்தக் கொதிப்பு.

அந்த ரோஸ் நோட்டீஸின் ஓரத்தில், கண்ணுக்கு எட்டாத சின்ன எழுத்தில், அச்சகத்தின் பெயர் இருக்கிறது. கூடலூர் அச்சகம், இப்போது இல்லை. பூதக்கண்ணாடியில் படத்தைப் பார்த்தேன். தலைப்பாகை, மண்டையோடு, விரலில் மின்னல். அப்பாவின் பிளாக் இல்லை, வேறு கை வெட்டியது. ஆனால் அதே ஆள். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ யாரோ ஒரு பிளாக் மேக்கர் எல்லா ஊர் அச்சகங்களுக்கும் இந்த முகத்தை விற்றிருக்க வேண்டும் என்று சந்தேகிக்கிறேன். அவர் எந்த வெளிநாட்டு விலைப்பட்டியலைப் பார்த்து வரைந்தாரோ, அதிலிருந்தவர் எந்த இந்தியரைப் பார்த்து வேஷம் கட்டியவரோ.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய மேஜிக் ஷோ நோட்டீஸ் ஏதாவது கிடந்தால், தலைப்பாகைக்காரரும் மண்டையோடும் இருந்தால் இன்னும் நல்லது, எனக்குத் தர வேண்டாம். கீழே சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பால் கணக்கோ சீட்டுக்கட்டு ஸ்கோரோ எழுதியிருந்தால் வருஷம் கண்டுபிடிக்க உதவும். அப்புறம், தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள்.